தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கும் ஓர் அறை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டபோது யோசனைகள் நிறைய வந்தன. நினைவு வளைவு என்றார்கள், மணிக்கூட்டுக் கோபுரம் என்றார்கள். எங்கள் ஐவரிடமிருந்து போனது ஓர் இணையத்தளத்துக்கான கோரிக்கை. பல்கலைக்கழகம் போகும் எங்கள் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தங்க அறை தேடுவதற்கான தளம். வளைவு கேட்டவர்கள் எங்களைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் செயற்குழு சம்மதித்தது. அதை எப்படிக் கட்டினோம், ஏன் அப்படிக் கட்டினோம், இனி உங்களிடம் எதைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டுப்புள்ளி வரும்வரை ஒரு கவலை, வந்தபிறகு இன்னொரு கவலை. நமது நாட்டில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று அனுமதி பிரிக்கப்படுகிறது. பிள்ளை எங்கே போவாள் என்பதை அவளுடைய இசட் புள்ளியும் விருப்பத் தெரிவின் ஒழுங்கும் தீர்மானிக்கும். மிருக வைத்தியம் படிக்க விரும்பினால் பேராதனைக்கும், கட்டடக்கலை படிக்க விரும்பினால் மொறட்டுவைக்கும் போகவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பொறியியல் கிடைத்தாலும் அந்தப் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. படிப்பு இலவசம்; அதற்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். தங்கும் இடம் அப்படியில்லை.

1952இல் பேராதனையைத் திறந்தபோது மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத்தான் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதை எண்ணியிருந்தார். சங்கமித்த மண்டபத்திலும் ஹில்டா ஒபேசேகர மண்டபத்திலும் தங்கிப் படித்த அக்காமார் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். யன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை என்று நீங்கள் சொல்லும்போது எங்களுக்குப் பொறாமையாக இருக்கும். இன்று மாணவர் தொகை எங்கேயோ போய்விட்டது, கட்டில்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. பல இடங்களில் முதலாம் வருடமும் இறுதி வருடமும் விடுதி கிடைக்கும். இடையில் வரும் வருடங்களுக்குப் பிள்ளைகள் வெளியே அறை தேடவேண்டும். பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை, பேச்சுமொழி சரியாகப் பழகாத ஊரில், பரீட்சைக்கும் பரீட்சைக்கும் நடுவில் வீடு வீடாக ஏறி இறங்குவாள்.

இதுவரை அந்தப் பிள்ளைக்கு யார் உதவினார்கள்? அறிமுகம்தான் உதவியது. வெள்ளவத்தையில் ஒரு மாமி இருந்தால், அந்த மாமியின் பக்கத்துவீட்டு அன்ரியிடம் ஓர் அறை இருக்கும். தெஹிவளையில் அம்மாவோடு படித்தவர் ஒருவர் இருந்தால், அவர் கோயிலில் நாலு பேரிடம் கதைத்துப் பார்ப்பார். எங்கள் சங்கமே இந்தக் காரியத்தை எழுதாமல் கொள்ளாமல் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது. எங்களில் மூவர் அப்படிக் கிடைத்த அறைகளில் இருந்துதான் பட்டம் பெற்றோம். அதைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனம் வராது.

அந்த வழியில் ஒரு குறை இருந்தது. அறிமுகம் உள்ளவர்களுக்குத்தான் அது வேலை செய்தது. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் கல்லூரியில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு வெள்ளவத்தையில் மாமி இல்லை. மலையகத்திலிருந்து வந்து எங்கள் விடுதியில் இருந்து படித்தவளுக்கும் இல்லை. இந்தப் பிள்ளைகளில் சிலர் விருப்பத் தெரிவுப் படிவத்தை நிரப்பும்போதே கொழும்பைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். அம்மா கேட்ட ஒரே கேள்வி, “அங்க ஆற்றை வீட்டில நிப்பாய்?” பதில் இல்லாததால் பாடம் மாறுகிறது, தொழில் மாறுகிறது. ஓர் அறை கிடைக்காமல் போவதன் விலை அவ்வளவு.

முகவரி என்றால் என்ன என்பது எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களுக்கு வேறுவிதமாகவும் தெரியும். கொழும்பில் தமிழர் ஒருவர் தங்கியிருப்பதற்கு வீட்டுக்காரர் பொலிஸில் பதிந்த காலம் இருந்தது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி அதிகாலையில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்திருந்த அக்காமாருக்கு ஒரு முகவரியின் பாரம் எவ்வளவு என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. தளத்தைக் கட்டும்போது இதை நாங்கள் பலமுறை கதைத்தோம். ஆகவேதான் முதலில் எழுதிய விதி, வீட்டின் சரியான முகவரி பொதுப்பக்கத்தில் வரக்கூடாது என்பது.

வாடகைக்கு வீடு காட்டும் தளங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று பலர் கேட்டீர்கள். இருக்கின்றன. அவை வீட்டை விற்பதற்கும் கொடுப்பதற்கும் ஏற்றவை. எத்தனை அறை, எத்தனை பேர்ச் காணி, வாகனத் தரிப்பிடம் உண்டா என்று கேட்கும். எங்கள் பிள்ளைக்குத் தேவையான கேள்விகள் வேறு. ஓர் அறையில் எத்தனை கட்டில்? ஒரு குளியலறைக்கு எத்தனை பேர்? கதவை உள்ளே பூட்டலாமா? படலைத் திறப்பு பிள்ளையிடம் இருக்குமா, இரவு எட்டு மணிக்குப் பிறகு மணி அடித்துக் காத்து நிற்கவேண்டுமா? வீட்டில் ஆண்கள் யார் யார் இருக்கிறார்கள்? குசினியில் சமைக்கலாமா, சமைத்தால் மீன் பொரிக்கலாமா? கரண்ட் பில் தனியா? இரவு ஒரு மணிக்கு மின்குமிழ் எரிந்தால் வீட்டுக்காரர் முகம் சுழிப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியை வேடிக்கையாகச் சேர்த்தோம். பிள்ளைகள் அதிகம் பார்க்கும் பதில்களில் அதுவும் ஒன்றாக இருக்கிறது.

தூரத்தைக் கிலோமீற்றரில் காட்டுவதில்லை என்றும் முடிவெடுத்தோம். வெள்ளவத்தையிலிருந்து கட்டுபெத்தைச் சந்திக்கு 100, 101 இலக்க பஸ்கள் காலி வீதியால் போகும். வரைபடத்தில் பார்த்தால் சுலபமான பயணம். ஒரு பெண்பிள்ளைக்குத் தெரியவேண்டியது பஸ் தரிப்பிடத்தில் இறங்கியபின் வாசல்வரை எத்தனை நிமிட நடை, அந்த ஒழுங்கையில் இரவு ஏழு மணிக்கு வெளிச்சம் இருக்கிறதா, வழியில் கடை திறந்திருக்குமா என்பதுதான். செய்மதிப் படம் இதைச் சொல்லாது. யாராவது ஒருவர் இரவு ஏழு மணிக்கு அந்த ஒழுங்கையில் நடந்து பார்க்கவேண்டும். தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே “நேரில் பார்க்கப்பட்டது” என்று ஒரு வரியும் திகதியும் இருக்கும். அந்த வரி இல்லாத வீடு பிள்ளைகளின் கண்ணில் படாது. பழைய மாணவிகள் இருவர், ஒருவர் அல்ல இருவர், போய்ப் பார்த்தபிறகே அது வெளிவரும். எழுதிய நிரல் எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரிக்குத்தான் உழைப்பு அதிகம். அதை எழுதியவர்கள் கணினி படிக்காத அக்காமார்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். வீட்டுக்காரருடன் கதைக்கத் தொடங்கியபோது, வாடகையைப் பற்றிக் கேட்குமுன்பே பலர் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். “பிள்ளை எந்த ஊர்? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” இந்தக் கேள்வியின் அர்த்தம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அது புவியியல் கேள்வி இல்லை. சிலர் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் போடச் சொன்னார்கள். போட்டால் இன்னும் பல வீடுகள் சேரும், பிள்ளைகளுக்குத்தானே நல்லது என்றார்கள். குழுவுக்குள் இரண்டு கிழமை வாக்குவாதம். வீடுகள் குறைந்தால் பாதிக்கப்படுவதும் பிள்ளைகள்தான் என்ற பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தை நாங்கள் போட்டால், அறிமுகம் இல்லாத பிள்ளைக்காகத் தொடங்கிய தளம் அவளையே வடிகட்டும் சல்லடையாகிவிடும். கட்டம் போடவில்லை. ஊர், சமயம், பெற்றோர் தொழில் எதுவும் தளத்தில் கேட்கப்படாது. பிள்ளையின் பெயரில் முதற்பெயரும், அவள் படிக்கும் பீடமும் வருடமும் மட்டும் வீட்டுக்காரருக்குத் தெரியும். சிலர் தங்கள் வீட்டை விலக்கிக்கொண்டார்கள். அதற்குப்பின் வேறு சிலர், இதைக் கேள்விப்பட்டே வந்து சேர்ந்தார்கள்.

அடையாள அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் புதிய 12 இலக்க அடையாள அட்டையில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 2004541 என்று தொடங்கும் இலக்கத்தைப் பார்த்தவருக்கு, இவள் 2004 பெப்ரவரி 10இல் பிறந்த பெண் என்று உடனே தெரியும். பாதுகாப்புக்காக என்று சொல்லி இந்த இலக்கத்தை எல்லோரும் வட்ஸ்அப்பில் படம்பிடித்து அனுப்புகிறார்கள். அம்மாமார்கூட அனுப்புகிறார்கள். எங்கள் தளத்தில் அட்டையைச் சங்கத்தின் இருவர் பார்த்து, “உறுதி செய்யப்பட்டது” என்று குறித்துவிட்டுப் படத்தை அழித்துவிடுவார்கள். இலக்கம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதில்லை. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே செய்திருப்போம். எங்களிடம் இல்லாததை எவரும் எங்களிடமிருந்து களவெடுக்க முடியாது.

தமிழில் தேடும் வசதி இலகுவாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை எங்கள் பதிவேட்டைப் பார்க்கவேண்டும். மொறட்டுவை, மொரட்டுவை, மொரட்டுவ. கட்டுபெத்தை, கட்டுபெத்த, கட்டுபெட்ட. ஒரே இடத்துக்கு இத்தனை எழுத்து. எது சரி என்று தமிழாசிரியையிடம் கேட்டோம். அவர் ஒன்றைச் சரியென்றார், ஆனால் பிள்ளைகள் அப்படித் தட்டமாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். ஆகவே எல்லா எழுத்தையும் ஏற்று ஒரே இடத்துக்குக் கொண்டுபோகும் அட்டவணை ஒன்றைக் கையால் செய்தோம். சில ஐயாமார் பாமினி எழுத்துருவில் விபரம் தட்டி அனுப்புவார்கள். யூனிகோட் பக்கத்தில் அது வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழும். அதையும் மாற்றித் தரும் சிறு கருவியைச் சேர்த்தோம். சிங்களப் பக்கமும் இருக்கிறது. காலி, குருநாகல் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் யாரையும் தெரியாது. கட்டுபெத்தையில் எங்கள் பிள்ளை நிற்கும் அதே நிலையில்தான் அவள் இங்கே நிற்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவள் எங்களோடு படித்த சிங்களத் தோழி ஒருத்தி.

யார் யாரோடு சேர்ந்து தங்குவது என்பதில் கணினியை அதிகம் நம்பவில்லை. இவள் உனக்கு இத்தனை வீதம் பொருத்தம் என்று தளம் சொல்லவேண்டும் என்றாள் எங்களில் இளையவள். சாத்திரியார் வேலையை நாங்கள் எடுக்கவேண்டாம் என்று மற்ற நால்வரும் மறுத்தோம். பிள்ளைகள் ஒன்பது கேள்விகளுக்குப் பதில் எழுதுவார்கள்: எத்தனை மணிக்குப் படுப்பாய், விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிப்பாயா, சத்தமாக வாசிப்பாயா, சமையலில் பங்கா தனியா, இப்படி. இருவரின் பதிலும் வேறுபடும் இடங்களை மட்டும் தளம் எடுத்துக் காட்டும். மிச்சத்தை அவர்களே தொலைபேசியில் கதைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். சமையலைவிட, சத்தமாக வாசிப்பதுதான் அதிகம் சண்டை வரும் விடயம் என்று எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

வீட்டைப் பற்றிப் பிள்ளை கருத்து எழுதும் பகுதி எங்களை நிறைய யோசிக்கவைத்தது. மூன்று பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில், “தண்ணீர் வராது” என்று பெயரில்லாமல் எழுதினாலும் எழுதியது யார் என்று வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கண்டுபிடித்துவிடுவார். அவள் அந்த வீட்டில்தானே படுக்கவேண்டும். ஆகவே தங்கியிருக்கும்போது எழுதுவது வெளிவராது. அவள் வீட்டைவிட்டுப் போய், அதற்குப் பின் இன்னொருவரும் எழுதிய பிறகே இரண்டும் சேர்ந்து வெளிவரும். தண்ணீரும் மின்சாரமும் பற்றிய முறைப்பாடுகளுக்கு இது போதும். பாதுகாப்புப் பற்றிய விடயம் என்றால் அது தளத்துக்குள்ளேயே வராது. எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி இலக்கங்கள் உண்டு. எடுப்பவர் ஒரு பழைய மாணவி. அவர் முதலில் செய்வது அந்தப் பிள்ளைக்கு அன்றிரவு படுக்க வேறோர் இடம் பார்ப்பது. விசாரணை எல்லாம் அடுத்தநாள்.

பணம் எங்கள் கையால் போகாது. தரகு இல்லை. வீட்டைப் பார்க்குமுன் முற்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதே என்று ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பில் எழுதியிருக்கிறோம். இல்லாத அறையைப் படம்போட்டுக் காட்டி, கைத்தொலைபேசி வழியாக முற்பணம் வாங்கிக்கொண்டு மறைவது இப்போது எங்கும் நடக்கிற காரியம். முற்பணம் எவ்வளவு, எத்தனை நாள் முன்பு சொல்லிவிட்டுப் போனால் அது முழுதாகத் திரும்பும் என்பதை மூன்று மொழியிலும் ஒரே தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம். இருதரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. அன்ரிமாரில் சிலர், “எங்களில நம்பிக்கை இல்லையோ பிள்ளை?” என்று மனம் நொந்தார்கள். அந்தத் தாள் அவர்களுக்கும் பாதுகாப்பு என்பதை, ஒரு பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுப் போன பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறோம். குறிப்பாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்போர்னிலும் இருந்து இதைக் கேட்கிறவர்களிடம்.

உங்களில் பலருக்கு யாழ்ப்பாணத்தில் வீடு இருக்கிறது. கோண்டாவிலில், கொக்குவிலில், திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போகும் தூரத்தில். முன்னறையில் ஒருவர் காவலுக்கு இருப்பார். மற்ற அறைகள் பூட்டியபடி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து, தூசி தட்டி, பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி பூட்டிவிட்டுப் போகிறீர்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் இப்படி வீடுகள் உண்டு. கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாமல் போகுமோ என்ற உங்கள் பயம் எங்களுக்கு விளங்குகிறது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மாணவிகள் கல்வியாண்டு முடிய வெளிக்கிடுகிறவர்கள். கையெழுத்திடும் தாளில் அந்தத் திகதி எழுதப்பட்டிருக்கும். நீங்கள் திருவிழாவுக்கு வரும் கிழமைகளுக்கு உங்கள் அறையை விலக்கி வைக்கவும் படிவத்தில் இடமுண்டு. பூட்டிய வீட்டுக்குக் கறையான் வருகிறது. அதற்கு நீங்கள் வாடகையும் வாங்குவதில்லை.

வீடு இல்லாதவர்களிடம் கேட்பது இரண்டு மணித்தியாலம். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, எங்கிருந்தாலும் மாதத்தில் ஒரு மாலை, இன்னொருவரோடு சேர்ந்து போய் ஒரு வீட்டைப் பாருங்கள். கொண்டுபோக ஒரு பக்கத் தாளும் ஒரு டோர்ச்சும் போதும். குளியலறைக் கதவின் கொண்டி பூட்டுகிறதா என்று கையால் பூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே பிள்ளைகள் தங்கியிருந்தால், வீட்டுக்காரர் தேத்தண்ணி போடப் போகும் நேரத்தில் அவர்களிடம் இரண்டு வார்த்தை கதையுங்கள். போகும் நேரம் மட்டும் மாறக்கூடாது: இரவு ஏழு மணி, நடந்து.

மண்டபத்தின் வலப்பக்க வாசலில் மேசை ஒன்று போட்டிருக்கிறோம். பார்க்கவேண்டிய வீடுகளின் பட்டியல் இடவாரியாக அங்கே இருக்கிறது, முகவரி இல்லாமல். உங்கள் பகுதிக்கு எதிரே பெயரை எழுதினால், கூடப் போகிறவரை நாங்கள் சேர்த்துவிடுவோம். பேராதனைக்கும் வந்தாறுமூலைக்கும் இன்னும் ஒருவரும் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகுமுன் அந்தப் பக்கமாக ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.